நீ கேட்காத கேள்வி

சீப்ரூக், டெக்சஸ்
புதன்கிழமை

அன்புள்ள ரமோனா அக்காவுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். விண்கலம் கஜகஸ்தான் புல்வெளியில் இறங்கியதையும், விண்வெளி வீரர்கள் மூவரையும் நாற்காலியில் தூக்கிவந்ததையும், பின்னால் நீ தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் திரையில் பார்த்தேன். அதற்காகத்தான் காத்திருந்தேன்.

அப்பாவின் இதய வால்வு சுருங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பத்து நாள் ஆகிறது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன்; நாளைக் காலைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டேன் என்கிறார். தரையிறக்கம் முடியும்வரை உன் தலையில் இதை ஏற்றக் கூடாதென்று நானாக முடிவெடுத்தேன். திட்டிக்கொள்.

அதைவிடப் பெரிய தப்பும் செய்தேன். நேற்று பொறுமை போய், "அக்காவைக் கேட்டாச்சுப்பா, ஆபரேஷனுக்குப் போகலாம்னு சொல்லிட்டா" என்றேன். விண்பயணக் கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு மேசைக்காரரும் தனக்காக மட்டும்தான் 'போகலாம்' அல்லது 'வேண்டாம்' சொல்ல வேண்டும்; ஒருமுறை பக்கத்து மேசைக்காரர் வாய் திறக்குமுன் அவருக்காக 'போகலாம்' சொன்னவனை நீ அந்த நிமிடமே எழுப்பி வெளியே அனுப்பினாய். கலத்தின் குளிர்விப்பைக் கவனிக்கும் என் மேசையிலிருந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நர்ஸுக்குத் தெரியாமல் நான் கொண்டுபோன கம்போ இறால் குழம்புக் கிண்ணத்தை அப்பா தள்ளிவைத்தார். "அவ என்ன கேட்டா?" என்றார். கிண்ணத்தை மறுபடி மூடினேன். "கேள்வி கேக்காம அவ எதுக்குடா சரின்னிருக்கா? பதினாறு வயசுல என் இறால் படகை எடுக்கறப்பவே டீசல் எவ்வளவு, காத்து எந்தப் பக்கம்னு என் உயிரை வாங்கினவ. உனக்கு ஒரு பொய்கூட ஒழுங்கா சொல்லத் தெரியலையேடா, வேட்!"

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நீ விண்பயண இயக்குநரானபோது, இயக்குநர் ஒவ்வொருவரும் தன் குழுவுக்கு ஒரு நிறம் எடுக்கும் வழக்கப்படி, உன் குழுவுக்கு அந்தப் படகின் துருச்சிவப்பைத்தான் நிறமாக எடுத்தாய். "நான் பெயின்ட் அடிக்காம விட்டதை உலகத்துக்கே காட்டிட்டா" என்று அன்று அப்பா கேலி செய்தார். பத்தொன்பது வருடம் ஆகிறது. அந்த நிறத் தொப்பியை இன்று கட்டிலிலும் கழற்ற மாட்டேன் என்கிறார்.

மருத்துவரின் எண்ணைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். முதலில் அவரைக் கேள், எத்தனை கேள்வியானாலும். பிறகு அப்பாவைக் கூப்பிடு. நீ 'வேண்டாம்' என்றாலும் சரி, அது உன் வாயால் வரட்டும். இனி உனக்காக நான் பேச மாட்டேன்.

போன் அவர் தலையணை அருகில் இருக்கிறது. பேசி முடித்ததும் என்னிடம் தரச் சொல். என்னையும் ஏதாவது கேள், அக்கா.

உன் தம்பி,
வேட்