வசனமில்லாத ராணி

என் ராசாவுக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் நீங்கள் இப்போது ரத்தினக்கல் தோண்டும் எஹலியகொடைக்கு வரும் சூசை அண்ணனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

நாங்கள் சுகம். மாதா கோயில் மண்டபத்து மேடையில்தான் இருக்கிறோம். நாடகத் திரைதான் சுவர். நீங்கள் அரசனாக உட்காரும் சிம்மாசனத்தில் சின்னவள் தூங்குகிறாள்.

நம் லயத்துக் காம்பிரா வீடு மழையில்தான் சரிந்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அடுப்படிக் குழியில் முதலில் கிடைத்த அந்தச் சின்ன நீலக்கல்லோடு நீங்கள் தோண்டுவதை நிறுத்தியிருக்கலாம். போகட்டும்.

நாடு நாடாகப் பிடித்த அரசன் கோட்டை சரிந்ததும் தனியாகச் சாகும் காட்சியில், வருஷா வருஷம் நீங்கள் விழும்போது சனம் அழும். நேற்று பெரியவள் கேட்டாள்: "கடைசி சீன்ல ராணி ஏம்மா வர்றதில்ல?"

"அவளுக்கு வசனம் எழுதல."

"வசனம் இல்லாட்டி என்ன? வந்து பக்கத்துல நிக்கலாம்தானே?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எஹலியகொடை பஸ் நிலையத்துக்கு வருகிறேன். மண்வெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நான் எதுவும் கேட்க மாட்டேன். பக்கத்தில் நிற்பேன்.

உங்கள் ராணி