வளைகுடாவுக்கும் எனக்கும் ஒரே பெயர்

அம்மாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம். இந்தச் சுரங்கத்துக் குளிரில் என் மீசை மட்டும் உறைந்து கடப்பாரையாகிவிட்டது.

இங்கே தலைக்கவசத்தில் குடும்பப் பெயரை எழுதி ஒட்டுவது வழக்கம். ஏற்கெனவே என்னைப்போல் மூன்று ஹட்சன்கள் இருக்கிறார்களாம்.

"நீ உன் ஊர்ப் பேரை எழுதிக்கோப்பா," என்றார் சுரங்க வாசல் அறையில் மேஸ்திரி க்ளைட்.

"எங்க ஊர் பேரும் ஹட்சன்தாங்க."

"அப்ப 'தொப்பை'ன்னு எழுதிக்கோ!"

எல்லோரும் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் மலைபோல் நிமிர்ந்தேன், அறையின் கூரை தலையில் இடித்தது.

"இது எங்கப்பா விட்டுட்டுப் போன பேருங்க. முதல்ல வெளிய கிடக்குற ஹட்சன் வளைகுடாவுக்குப் பட்டப்பேரு வைங்க. அதுக்கப்புறம் எனக்கு வைக்கலாம்!"

க்ளைட் ஜன்னல் வழியே வளைகுடாவைப் பார்த்தார். அதுவும் அசைகிற மாதிரி தெரியவில்லை. ஒட்டுத்தாளை என்னிடம் நீட்டினார்.

இப்போது "ஹட்சன்!" என்று கத்தினால் நான்கு தலைகள் திரும்புகின்றன. "லெஸ்டர்" என்று கூப்பிடத்தான் ஆளில்லை.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள் அம்மா. பொட்டலத்தின் மேல் லெஸ்டர் என்று பெரிதாக எழுதுங்கள். தபால் கொடுப்பவர் பெயரை உரக்கப் படித்துத்தான் கொடுப்பார்.

சங்கு ஊதுகிறது, ஓடுகிறேன்.

உங்கள்
லெஸ்டர் ஹட்சன்