தபிரி மாமாவின் சிவப்புப் பாட்டில்கள்

மாம்பொங்,
புதன்கிழமை இரவு.

அன்புள்ள ஒபெங் அண்ணாவுக்கு,

உன் தங்கை சர்பொமா எழுதுகிறேன். அம்மா சுகம். நானும் சுகம். தபிரி மாமாவுக்குத் தன்னைப் பற்றிய பெருமையில் ஒரு குறையும் இல்லை, அவரும் சுகம்தான். இந்தத் தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள். இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவியும் கையை விட்டுப் போகவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து, அரிக்கேன் விளக்கைப் பானைக்குப் பின்னால் மறைத்து வைத்து எழுதுகிறேன். மாமாவின் குறட்டை நின்றால் நான் விளக்கை ஊதிவிட வேண்டும். எழுத்து கோணலாக வருவது அதனால்தான்.

முதலில் முக்கியமானது. சனிக்கிழமை விடியற்காலை, அகோனாவில் நம் குலத்துப் பெரியம்மாவின் சாவுச் சடங்குக்கு, அம்மாவும் இன்னும் பதினாறு பெண்களும் மாமாவின் வண்டியில் மலைச்சரிவு இறங்கப் போகிறார்கள். அந்த வண்டி இப்போது இருக்கும் நிலையில் சரிவில் இறங்கக் கூடாது. இது தெரிந்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். நான் சொன்னால் கேட்பாரும் இல்லை.

நீ போன பிறகு வண்டிக்கு வைத்தியம் பார்ப்பவர் யார் தெரியுமா? டாக்டர் லக்கி. பஸ் நிலையத்தில் வண்டி நிறையும் வரை உள்ளே ஏறி ஜெபம் செய்துவிட்டு, மூலத்துக்கும் குடல் புழுவுக்கும் மருந்து விற்பாரே, அதே ஆள்தான். இப்போது அதே பைக்குள் எஞ்சினுக்கும் மருந்து வைத்திருக்கிறார். அதே குரல், அதே வேர்வை. "தாய்மாரே, ஐயாமாரே, வயித்துல இருக்கற புழுவும் டாங்கில இருக்கற அழுக்கும் அண்ணன் தம்பி. ஒரு மூடி ஊத்துங்க, பழைய வண்டி மாப்பிள்ளையாட்டம் ஓடும்" என்றார். பெண்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. ஏழு பாட்டில் வாங்கி, ஒன்றை அங்கேயே டாங்கில் ஊற்றினார்.

சிவப்புப் பாட்டில். மேலே பந்தயக் கார் படம். மாமாவுக்கு அந்தப் படம் போதும், எழுத்து வேண்டியதில்லை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில், பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும், டீசலில் கலக்காதீர் என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. நான் படித்துச் சொன்னேன். நிலையத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னது என் தப்புதான். "பள்ளிக்கூடத்துல இப்ப டீசல் பாடமும் நடத்தறாங்களா? உன்னப் படிக்க வைக்கறது நானு. நாளைக்கே நிறுத்தினேன்னா சந்தையில உட்கார்ந்து தக்காளி மேல இருக்கறதப் படி" என்றார். ஓட்டுநர்கள் எல்லாம் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். அவர்களில் மூன்று பேர் அதற்குப் பிறகு அதே பாட்டிலை வாங்கியதையும் பார்த்தேன். அவர்கள் வண்டியும் டீசல் வண்டிதான்.

மாமாவின் அந்தப் பழைய ஜெர்மன் வேனுக்கு நீ என்ன ஊற்றுவாய் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டார்ச் பிடித்தது நான்தானே. இந்தக் காலத்து டீசல் வறண்டது, பழைய பம்புக்கு டீசல்தான் எண்ணெய், வேறு யாரும் அதற்கு எண்ணெய் போடப் போவதில்லை என்பாய். மரம் அறுக்கும் யந்திரக்காரர்கள் பெட்ரோலில் கலக்கும் எண்ணெயில், முழு டாங்குக்கு ஒரு சின்ன டம்ளர். காலையில் வடிகட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவாய். பாட்டில் வாங்கினால் எந்த எரிபொருளுக்கு என்று முதலில் பார், பாதி டீசல் மிச்சம் என்று எவன் சொன்னாலும் அவனைத் திருப்பி அனுப்பு என்பாய். இவ்வளவுதான். இது தபிரி மாமாவின் தலைக்குள் போகாது. இடமில்லாததால் அல்ல, இடம் முழுவதையும் அவரே அடைத்துக்கொண்டிருப்பதால்.

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நானும் வண்டியில் இருந்தேன். சரிவில் பாதி இறங்கும்போது எஞ்சின் சுத்தியலால் அடித்த மாதிரி தட்டியது, பிறகு நின்றுபோனது. எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும் என்று நீ சொன்னது உண்மை அண்ணா. மாமா இரண்டு காலையும் வைத்து எழுந்து நின்று மிதித்தார். வண்டி நிற்கவில்லை. கடைசியில் மண்மேட்டுப் பக்கம் ஒடித்து, உடம்பைத் தேய்த்துத் தேய்த்து நிறுத்தினார். இடது பக்கக் கண்ணாடி போயிற்று. மறுபக்கம் பள்ளம். மாமா வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பி, "ஒண்ணுக்குப் போறவங்க போயிட்டு வாங்க, அதுக்காகத்தான் நிறுத்தினேன்" என்றார். போனார்கள் அண்ணா. வரிசையாக இறங்கிப் போனார்கள். திரும்பி வந்து அவருக்கு நன்றியும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கண்டுபிடித்த காரணம், மருந்து போதவில்லை என்பது. அதனால் ஒரே நேரத்தில் இரண்டு பாட்டில். அதற்கு மேல், துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டை ஒரு கைப்பிடி. நிலையத்தில் எல்லோரும் போடுகிறார்களாம், எஞ்சினுக்கு வேகம் வருமாம். கரப்பான் பூச்சிகூட ஓடிப்போகும் பொருளை டாங்கில் போட்டுவிட்டார், இப்போது நம் வண்டி பக்கத்தில் போனாலே கல்யாணப் புடவைப் பெட்டி வாசனை. வண்டி திடமாகிவிட்டது, சரிவில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட ஆள் எதற்கு என்று கிளீனரையும் அனுப்பிவிட்டார். முன் கண்ணாடிக்கு மேல் "மனிதனுக்கு அஞ்சேன்" என்று நீ எழுதிக் கொடுத்தது இன்னும் இருக்கிறது. அஞ்ச வேண்டியவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அம்மாவிடம் போகாதே என்று கெஞ்சினேன். "என் அண்ணன் வண்டியில நானே ஏறலேன்னா குலமே கேள்வி கேக்கும்டி. அவன் முகத்துல நான் கரி பூசணுமா?" என்றாள். கறுப்பும் சிவப்புமாகச் சாவு வீட்டுக்குக் கட்டும் துணியை இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். ஓட்டுநர் பக்கத்து முன் சீட்டு அவளுக்குத்தான். மரியாதையாம்.

இனி கறைக்கு வருகிறேன். நீ விட்டுப்போன பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து டாங்கின் அடித் திருகைக் கழற்றி, டீசல் பங்க் வரை போகும் அளவு விட்டுவைத்து, மற்றதைத் துணி துவைக்கும் தொட்டியில் பிடித்துக் கக்கூசுக்குப் பின்னால் கொட்டினேன். நீ போனதிலிருந்து டீசல் அளவு காட்டும் முள் வேலை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை எப்படியும் நிரப்புவார், குறைந்தது தெரியாது. மிச்சமிருந்த நான்கு பாட்டிலையும் காலி செய்து, மரம் அறுப்பவரிடம் வாங்கிய எண்ணெயை ஊற்றி மூடிவிட்டேன். அதுவும் சிவப்புதான். வண்டி ஒழுங்காக ஓடினால் டாக்டர் லக்கிக்குக் கோழி அறுத்து விருந்து வைப்பார். வைக்கட்டும். அந்த ஆள் தின்னட்டும்.

ஆனால் எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. பம்பு ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்தால் நல்ல எண்ணெய் என்ன செய்யும்? அந்தத் தட்டும் சத்தம் நேற்றும் கேட்டது. அதைக் காதால் கேட்டுச் சொல்லக்கூடியவன் நீதான்.

மாமா எல்லோர் முன்னாலும் உன்னை அறைந்தார், உனக்கு ரோஷம், தேமாவுக்கு வேலைக்குப் போய்விட்டாய். எட்டு மாதமாக ஒரு வரி இல்லை. அவருடைய தலைக்கனமும் உன்னுடைய ரோஷமும் ஒரே கடையில் வாங்கினது போலத்தான் எனக்குத் தெரிகிறது. கோபித்துக்கொள். ஆனால் வந்து கோபித்துக்கொள். நாளைக் காலை ரொட்டிக்காரப் பெண்மணி தேமா வண்டியில் போகிறாள், இதை அவளிடம் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் உனக்குக் கிடைக்கும். வந்தால் வாசல் கதவைத் தட்டாதே, சமையல்கட்டு ஜன்னலைத் தட்டு. நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. எனக்கு அடுத்த வருஷமும் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

உனக்கு லீவு கிடைக்காவிட்டால் கவலைப்படாதே. கிளீனர் விட்டுப்போன முட்டுக்கட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை நானும் அந்த வண்டியில் போகிறேன், கதவோரச் சீட்டில், சாவுத் துணிக்கு அடியில் அதை மடியில் வைத்துக்கொண்டு. எஞ்சின் நின்றால் குதித்துச் சக்கரத்துக்கு முன்னால் போட வேண்டும், அவ்வளவுதானே? தூக்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருக்கிறது.

கடவுள் உன் முதலாளியின் மனதை இளக்கட்டும், உன் காலைச் சீக்கிரம் இந்தச் சாலையில் வைக்கட்டும்.

உன் அன்புத் தங்கை,
சர்பொமா.