அந்த மண்ணையும் கேட்டு வாங்கு

திண்டுக்கல்
3-2-1957

அன்பு மகன் ஜமால் முகமதுக்கு அத்தா சேக் பரீது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் காவலில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் பட்டணத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன், அப்படி இல்லையென்றால் முதலில் அதை எழுது. உன் அம்மாவுக்குப் பனியில் முட்டிவலி கூடிவிட்டது, ஆனாலும் உட்கார் என்றால் உட்காருகிற ஆளா அவள். உன் தங்கச்சி ஷரீஃபா பிள்ளையோடு வந்திருக்கிறாள். பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறான், நேற்று என் மூக்குக்கண்ணாடியின் காலைக் கடித்து வளைத்துவிட்டான், அதனால் எழுத்து கொஞ்சம் கோணலாக வரும், பொறுத்துக்கொள். ஒட்டன்சத்திரத்திலிருந்து நம்ம ஆண்டிச்சாமி ஒரு மூட்டை சின்ன வெங்காயம் போட்டுவிட்டுப் போனார், அதில் பாதியை உனக்கு அனுப்ப வேண்டும் என்று உன் அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள். மதராஸில் வெங்காயம் கிடைக்காதா என்று கேட்டேன், அன்றைக்கு முழுக்க என்னோடு பேச்சு இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்துல் ஜப்பார் கேஸைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உனக்குத் தெரிந்ததையும் வரிசையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதை வேறு ஆட்களும் படிக்க வேண்டியிருக்கும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஜப்பார் புரட்டாசியில் வாந்தி பேதியில் இறந்தான், அந்த மாதம் ஊரில் பேதி கண்டவர்கள் வேறு பலரும் உண்டு. அடக்கம் ஆகி, ஐப்பசி மழையும் பெய்து ஓய்ந்த பிறகு, அவன் பெண்டாட்டி சைதூன் சோற்றில் விஷம் வைத்துவிட்டாள் என்று அவன் அண்ணன் கிதர் முகம்மது எழுதிக் கொடுத்தான். புருஷன் பெண்டாட்டி சண்டை தெருவுக்கே தெரிந்தது, அதனால் போலீசும் நம்பியது. அடக்கிய மையத்தைத் தோண்டி எடுத்து, குடலையும் ஈரலையும் ஜாடியில் போட்டு உன் லாபரேட்டரிக்கு அனுப்பினார்கள். பாஷாணம் இருக்கிறது என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டாய். அந்தக் காகிதம் வந்த மறுநாள் சைதூனைக் கைக்குழந்தையோடு மதுரை ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கேஸ் ருசுவானால் தூக்கு.

அன்றைக்கு கிதர் முகம்மது நம்ம தோல் கடைக்கே வந்து, அண்ணே உங்க மகன் கை நல்ல கைண்ணே, என் தம்பி உசுருக்கு நியாயம் வாங்கிக் குடுத்துருச்சு என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கடைத்தெருவில் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மையவாடியில் என் அத்தா கபுரில் துஆ ஓதிவிட்டு, எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினேன். உள்ளங்கை எல்லாம் வெள்ளை. ஜப்பார் அடக்கத்தில் மூன்று பிடி மண் போட்டபோதும் என் கை இப்படித்தான் வெளுத்தது, பள்ளிவாசல் ஹவுள் தண்ணீரில் கழுவியும் லேசில் போகவில்லை, அது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த வெள்ளை என்ன என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். மையவாடியின் தாழ்ந்த பக்கத்தில் வெட்டுகிற குழியெல்லாம் சரிந்துவிடுகிறது என்று ஜமாஅத்தில் பேசி, கிதர் முகம்மதுவின் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியிலிருந்து வாரிக் கொட்டும் கசடை வண்டி வண்டியாக அடித்து மேடாக்கினோமே, அதுதான். காய்ந்தால் இறுகிக்கொள்ளும், குழி நிற்கும். சுண்ணாம்பு சுத்தமான பொருள், மையத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. தோலில் ரோமம் கழல அந்தச் சுண்ணாம்பில் மனோசிலை கலக்கிறார்கள் என்பது தொழிலில் இருக்கிறவனுக்கெல்லாம் தெரியும், மனோசிலை பாஷாணத்தில் ஒரு வகை என்பது உனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைக்கத்தான் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நமக்குப் பெட்டி கிடையாது, கபன் துணியோடு மண்ணிலேயே சாய்த்து வைத்துவிடுகிறோம், அதன்மேல் அந்த வருஷத்து மழை அத்தனையும் இறங்கியிருக்கிறது.

நீ படிக்கும்போது லீவுக்கு வந்து, தோண்டி எடுத்த உடம்பு என்றால் அந்தக் குழி மண்ணையும் சோதித்துப் பார்க்கணும் அத்தா, மண்ணிலிருந்தே விஷம் ஏறியிருக்கலாம் என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். சோற்றுக்கு முன்னால் பேசுகிற பேச்சா இது என்று உன் அம்மா அகப்பையை ஓங்கினாள். அதை நினைத்துத்தான் போன கடிதத்தில் மண் வந்ததா என்று உன்னைக் கேட்டேன். நீ என்ன பதில் எழுதினாய்? மண் வரவில்லை, ஜாடியில் என்ன வந்ததோ அதைப் பார்த்துச் சொல்வதோடு என் வேலை முடிந்தது, ஜாடிக்கு வெளியே நடப்பதெல்லாம் போலீஸ் பாடு என்று எழுதினாய். படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

வேலை முடிந்தது என்று யார் சொன்னது? இருக்கிறது என்று எழுதினாய், எவ்வளவு இருக்கிறது என்று எழுதவில்லை. மண் வரவில்லை, அதனால் உயிரோடு இருக்கும்போது தின்றதா செத்த பிறகு ஏறியதா என்று சொல்வதற்கில்லை என்று ஒரு வரி எழுதவில்லை. பொய் ஒன்றும் எழுதவில்லையே என்பாய். கோர்ட்டில் இருக்கிறவர்களுக்கு உன் படிப்பு தெரியாது, தெரியாததால்தான் உன்னைக் கேட்கிறார்கள். தெரியாதவனுக்குச் சொல்லும்போது, நமக்கு எது தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? சொல்லாமல் விட்டால் கேட்கிறவன் எல்லாம் தெரிந்து சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வான். தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளிக்கூடத்தில் நீதான் சத்தம் போட்டுப் படித்தாய், நான் படித்தவன் இல்லை.

சைதூனுக்காக உருகி இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. அவள் வாய் உனக்குத் தெரியும். நம்ம ஆடு அவள் வீட்டு முருங்கைக் கன்றைக் கடித்ததற்கு உன் அம்மாவை அவள் பேசிய பேச்சை நான் மறக்கவில்லை, உன் அம்மா சத்தியமாய் மறக்கவில்லை. அவள் விஷம் வைத்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மண் சுத்தமாய் இருந்து ஜாடியில் மட்டும் விஷம் இருந்தால் அதையும் இதே கையால் எழுது, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். தெரியாமல் ஒருத்தி கழுத்தில் கயிறு விழக்கூடாது, அவ்வளவுதான்.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். சைதூன் தரப்பு வக்கீலிடமும் போனேன், இன்ஸ்பெக்டரிடமும் போனேன், இரண்டு பேரிடமும் ஒரே பேச்சைத்தான் பேசினேன். வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். மாஜிஸ்திரேட் முன்னிலையில் மண் எடுப்பார்கள், உன்னை மதுரை கோர்ட்டுக்குக் கூப்பிட்டுச் சம்மனும் வரும். கிதர் முகம்மதுவிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன், பிறத்தியார் சொல்லித் தெரிய வேண்டாம் என்று. என் தம்பியைக் கொன்னவளுக்கு என் ஷாப்பு மண்ணா சாட்சி, உங்களை அண்ணன்னு கூப்பிட்ட வாய் இது என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இனி நம்ம ஆட்டுத்தோல் அவன் ஷாப்புக்குப் போகாது, வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவன்.

இனி நீ செய்ய வேண்டியது. இந்தக் கடிதத்தை ஒளிக்காதே, கொண்டுபோய் உன் மேலதிகாரி மேஜையில் வை. அத்தாவே எழுதியிருக்கிறார், அவருக்கு இரண்டு வீட்டாரையும் தெரியும் என்று நீயே சொல். இந்தக் கேஸை வேறு ஆள் பார்க்கட்டும் என்று அவர் சொன்னால் மூஞ்சியைத் தூக்காமல் கொடுத்துவிடு. நீயே பார் என்றால், குழி மண்ணைக் கேள், மையவாடியில் கசடு படாத பக்கத்து மண்ணையும் தனி ஜாடியில் கேள், வருகிறவரைக்கும் விடாதே. கூண்டில் ஏறியதும் முதல் ரிப்போர்ட்டில் நான் ஒன்றை எழுதாமல் விட்டேன் என்று நீயாகச் சொல், வக்கீல் பிடுங்கிக் கேட்கிறவரைக்கும் காத்திருக்காதே. ஆனைக்கும் அடி சறுக்கும், சறுக்கியதை மறைக்கிறவனை யார் நம்புவார்கள்? பிரமோஷன் போகும் என்று உனக்குப் பயம் இருக்கும். போகட்டும். வேலையே போனாலும் வா, இங்கே தோல் கட்டுத் தூக்க ஆள் இல்லாமல் நானேதான் தூக்குகிறேன்.

மதுரைக்கு வருகிற ரயில் நம்ம ஊரில் நிற்கும். இறங்காதே. நீ வந்து இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும், அப்பன் சொல்லிக் கொடுத்துப் பையன் ஒப்பித்தான் என்றுதான் ஊர் பேசும், நீ சொல்கிற உண்மைக்கும் மதிப்பு இல்லாமல் போகும். மதுரையில் லாட்ஜில் தங்கிக்கொள். நானும் கோர்ட்டுக்கு வரமாட்டேன். சாட்சி சொல்லி முடித்த பிறகு எந்த நேரமானாலும் வீட்டுக்கு வா. நீ என் மகன் என்று கடைத்தெருவில் மறுபடி நிமிர்ந்து நடக்க எனக்கும் ஆசை இருக்கிறது.

ஹோட்டல் சாப்பாட்டில் காரத்தைக் குறை, தொழுகையை விடாதே, பனியில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் தெளிந்த கண்ணையும் நடுங்காத நாக்கையும் தரட்டும் என்று நானும் உன் அம்மாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

ஒன்றை மறந்துவிடாதே. என்றைக்கு வருகிறாய் என்று ஒரு கார்டு போடு. உன் அம்மா ஸ்டேஷனுக்கு வந்து நிற்பாளாம், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வெங்காயம்கூடக் கொண்டுபோகக் கூடாது, பேசவே கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டேன், பேசலை, எம்புள்ள மூஞ்சியைப் பாத்துட்டு வந்துர்றேன் என்கிறாள். பிளாட்பாரம் பக்கத்து ஜன்னலோரமாய் இடம் பிடித்து உட்கார்.

இப்படிக்கு,
உன் அத்தா
சேக் பரீது