வேல்பாண்டி வீட்டுச் சாவி

ஜூன் 12, 2024, புதன்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அடிபம்பில் இரண்டு குடம் அடித்துத் தூக்கி வந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது.

சபையின் சந்திப்பு ஊழியத்துக்காகப் போதகர் சொன்ன வீட்டுக்கு இன்று போனேன். பஞ்சு மார்க்கெட் தாண்டி, மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. வேல்பாண்டி, போலீஸில் ஏட்டாக இருந்தவர். ஐம்பத்தெட்டு வயது. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம். வலது கை, வலது கால் போனதோடு பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். "இல்ல."

பிள்ளைகள் கிடையாது. மனைவி காளீஸ்வரி பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறாள். எட்டரைக்குப் போனால் ஐந்தரைக்குத்தான் வருவாள். அதுவரை வெளியே பூட்டு.

"பூட்டாமப் போனா தவழ்ந்தே ரோட்டுக்கு வந்துருதாரு அண்ணே. ஒருவாட்டி லாரிக்காரன் பிரேக் போட்டதுனால பொழச்சாரு."

அவளோடு வேலை பார்க்கும் ஒருத்தி நம் சபை. அவள் சொல்லித்தான் போதகருக்குத் தெரியும். காளீஸ்வரி இன்னொரு சாவியை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதே சொன்னாள்: "வந்து உக்காந்துட்டுப் போங்க. ஏசு பேச்சு மட்டும் வேணாம்ணே. அவிய அண்ணன் மகாராஜபுரத்துல இருக்காரு. காதுக்குப் போச்சுன்னா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு."

சரிம்மா என்றேன். சத்தியமா என்று வேறு சொன்னேன்.

ஜூன் 14, வெள்ளி

பத்து மணிக்குப் போய்ப் பன்னிரண்டு வரை இருந்தேன்.

சாப்பிட்டீங்களா? இல்ல. காத்தாடியக் கூட்டி வைக்கவா? இல்ல. அப்ப நான் கெளம்பட்டுமா? "இல்ல, இல்ல, இல்ல" — இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை. அர்த்தம் சத்தத்தில் இருக்கிறது. முப்பத்து நாலு வருஷம் மில் இரைச்சலில் நின்று பாதி மந்தமாகிப் போன காது என்னுடையது. காது கொடுத்துக் கேட்கிற ஊழியத்துக்கு என்னைப் போய் அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூன் 19, புதன்

சவரம் செய்துவிட்டேன். தாடி கழுத்து வரை இறங்கியிருந்தது. மீசைப் பக்கம் பிளேடு போனதும் ஒரு "இல்ல!" போட்டார் பாருங்கள், ஸ்டேஷனே எழுந்து நின்றிருக்கும். மீசையை விட்டுவிட்டேன். நகம் வெட்டினேன். துணி மாற்றினேன்.

கண்ணாடியைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அழுதார். காட்டியிருக்கக் கூடாதோ? வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

ஆராதனை முடிந்து போதகர் கேட்டார்: "ராஜரத்தினம் ஐயா, அந்த வீட்ல ஏதாவது அசைவு தெரியுதா?"

வலது கால் லேசா அசையுது என்றேன். சிரித்தார். அவர் கேட்டது அதை இல்லையாம்.

"பதினெட்டு நாளாச்சே ஐயா. சும்மா உக்காந்துட்டு வந்தா ஆத்துமாவுக்கு யாரு பொறுப்பு? நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆயிட்டா, ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டோமேன்னு இருக்காதா?"

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு முப்பத்தாறு வயது; அந்த வயதில் எனக்கு ஆத்துமாக்கள் மேல் அவ்வளவு பாரம் இருந்ததில்லை. ஆனால் அந்தக் கேள்வி முள் மாதிரி இறங்கிவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

இன்று நான்தான் பேசினேன். ஏன் பேசினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

என் மனைவி பொன்மணி பற்றிச் சொன்னேன். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாதது. அன்றைக்கு அவளுக்கு மூச்சு வாங்கியது. உபவாசக் கூட்டத்துக்கு நேரமாகிறது, வந்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். நான் அங்கே மற்றவர்கள் சுகத்துக்காகக் கை தூக்கி ஜெபித்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் தண்ணீர் கேட்டிருக்கிறாள். குடிக்கவில்லை. செம்பு வரும் முன் போய்விட்டாள். கர்த்தருடைய வேலையாய்ப் போனீங்க, அவரு பாத்துக்கிட்டாரு என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். எங்க பாத்தாரு? யாரு பாத்தா?

வேல்பாண்டி அசையாமல் கேட்டார். முடித்தபோது, "இல்ல" என்றார். மெதுவாக. திரும்பவும், "இல்ல... இல்ல." இடது கையால் கட்டிலின் ஓரத்தைத் தட்டினார். உட்காரச் சொல்கிறார். போய் உட்கார்ந்தேன்.

உன் மேல தப்பு இல்ல என்றாரா? தெரியாது. அவரிடம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். ஆனாலும் வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஜூலை 25, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

நேற்று போதகர் என் வீட்டுக்கே வந்து திரும்பவும் கேட்டார். அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இன்று வேல்பாண்டிக்கு லேசாய்க் காய்ச்சல். பயந்துவிட்டேன். பொன்மணிக்கு விட்ட மாதிரி இவருக்கும் விட்டுவிடுவேனோ என்று. தலையில் கை வைத்தேன். இயேசுவைப் பற்றிச் சொன்னேன். சத்தமாகவே ஜெபம் பண்ணினேன். அவர் "இல்ல, இல்ல" என்றார். நான் கண்ணை மூடியிருந்தேன். நிறுத்தவில்லை.

ஆறு வாரம் அந்த ஒரு வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்டவன், இன்னைக்கு மட்டும் ஏன் கேக்கல?

கண் திறந்தபோது வாசலில் ஆள். அவர் அண்ணன் முத்துப்பாண்டி. உழவர் சந்தைக்குக் காய் கொண்டுவந்தவர், தம்பியைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்.

"வாய் செத்துக் கெடக்கிறவன மதம் மாத்த வாறியா நீ? அவன் வேணாம் வேணாம்ங்கான், நீ பாட்டுக்கு ஓதிக்கிட்டு இருக்க?"

அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். சாவியைக் கேட்டார், கொடுத்தேன். நான் வெளியே வரும்போது வேல்பாண்டி கத்தியது வேறு மாதிரி இருந்தது. அண்ணனைப் பார்த்துக் கத்தினாரா, என்னைப் பார்த்தா?

ஜூலை 26, வெள்ளி

பத்து மணிக்குக் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

ஜன்னல் ஓரம் போய் நின்றேன். செருப்புச் சத்தத்தில் கண்டுபிடித்துவிட்டார். "இல்ல... இல்ல..." கூப்பிடுகிறார். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். காளீஸ்வரிக்கு இன்னும் கெட்ட பேர் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

காளீஸ்வரிக்காகவா? என் மானத்துக்காகத்தான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நேற்று கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாராம். எப்போது விழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஐந்தரைக்கு அவள் வந்து திறந்தபோது தரையில், மூத்திரத்தில் கிடந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிவு.

கேள்விப்பட்டதும் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். வராந்தாவில் காளீஸ்வரி. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணுதானண்ணே கேட்டேன் உங்ககிட்ட."

அவ்வளவுதான் சொன்னாள். நான் அங்கே நிற்கவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

ஆபரேஷன் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். காளீஸ்வரியால் வேலையை விடவும் முடியாது. அண்ணன் முடிவெடுத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் இல்லத்தில் சேர்த்திருக்கிறார். இன்று பஸ் ஏறிப் போனேன். கேட்டில் யாரும் தடுக்கவில்லை. அங்கே யாரைப் பார்க்கவும் யாரும் வருவதில்லை போல.

பன்னிரண்டு கட்டில். இவர் சுவர் ஓரம். மீசையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். வசதிக்காக எல்லாருக்கும் ஒரே மாதிரி. முதலில் அடையாளம் தெரியவில்லை.

மன்னிச்சிருங்க ஏட்டையா என்றேன். பார்த்தார். அந்த வார்த்தைகூட இல்லை. ஒரு மணி நேரம் இருந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செப்டம்பர் 11, புதன்

காலையில் வேல்பாண்டி இறந்துவிட்டார். தூக்கத்திலேயே என்கிறார்கள். அப்படித்தான் சொல்வார்கள்.

செப்டம்பர் 12, வியாழன்

மகாராஜபுரம் போனேன். வீட்டுக்குப் போகவில்லை. பஸ் நிற்கும் இடத்திலேயே நின்றேன். கொட்டுச் சத்தம் வந்தது, பிறகு பாடை. முத்துப்பாண்டி என்னைப் பார்த்தார். தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தார். எல்லாரும் போன பிறகு அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

ஜெபம் பண்ணப் பார்த்தேன். வரவில்லை.

செப்டம்பர் 13

இன்றும் வரவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

சந்திப்பு ஊழியம் பற்றிச் சபையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார் போதகர். மாட்டேன் என்றேன். விடவில்லை. மைக் முன்னால் போய் நின்றேன்.

"நான் பார்த்த மனுஷன் இயேசுவை ஏத்துக்கிடல. வேணாம்னு சொன்னாரு. எனக்கு அது கேக்கல. இப்ப அவரு உயிரோட இல்ல."

இறங்கி வந்துவிட்டேன். யாரோ ஒருவர் ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். போதகர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்தைத் தப்பாகச் சொன்னார்.

அடுத்த வாரம் முதல் ஊழியப் பெயர்ப் பட்டியலில் நான் இல்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

காளீஸ்வரி அறையைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டாள். கம்பெனி ஆஸ்டலிலே தங்கிவிட்டாளாம். சந்தையில் தூரத்தில் பார்த்தேன். அவளும் பார்த்தாள். இருவரும் கூட்டத்துக்குள் போய்விட்டோம்.

நவம்பர் 16, சனி

மழை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் தாமதம்.

அந்த இல்லத்துக்குப் போவது இது நாலாவது சனிக்கிழமை. வேல்பாண்டி கட்டிலில் வேறு ஆள் வந்தாயிற்று. நான் பைபிள் கொண்டுபோவதில்லை. பிளேடு, பிரஷ், சோப்பு, ஒரு துண்டு. மீசை வேணுமா வேணாமா என்று ஒவ்வொருத்தரையும் கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். இன்று ஆறு பேர்.

கடைசியாக சோலைச்சாமி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், எண்பது இருக்கும். மகன்கள் இரண்டு பேரும் இருக்கிறார்கள், வருவதில்லை. முகமெல்லாம் நுரையோடு திடீரென்று கேட்டார்:

"நீரு வேதக்காரராமே?"

ஆமா என்றேன்.

"அப்ப எனக்கு ஒரு ஜெபம் பண்ணும். சீக்கிரம் கூப்பிட்டுக்கிடச் சொல்லும்."

இத்தனை நாளில் ஒரு மனுஷன் தானாக என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்தேன். கண்ணை மூடினேன். கர்த்தாவே என்றேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தேடினேன், நிஜமாகவே தேடினேன். வெளியே மழைச் சத்தம். அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள். அவர் முகத்தைத் தூக்கிக் கொடுத்தபடி காத்திருந்தார். என் கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

செத்த நேரம் கழித்து என் மணிக்கட்டைத் தொட்டார்.

"சரி, பொறவு பண்ணிக்கிடலாம்வே. சோப்பு காயுது. மொதல்ல மழிச்சு விடும்."