கேமராவின் நெற்றிக்கு நீ வைத்த பொட்டு

மாலை நாலு நாற்பதுக்குச் செய்தி வந்தது. ஜெகதாப்பட்டினம் ஐஸ் பிளான்ட் சுவரில் ஏணிபோட்டு நின்று, அறுந்துபோன ஃபைபரை ஒட்டிக்கொண்டிருந்தேன். உன் அண்ணன்தான் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "மாப்ள, மொதல்ல கீழ எறங்கி நில்லுங்க," என்றார். நான் ஏணியில் நிற்பது இவருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் யோசித்தேன். வேறெதுவும் தோன்றவில்லை. காய்ச்சல் என்று படுத்திருந்த நீ, காலையில்தான் "கஞ்சி குடிச்சுட்டேன், நீங்க போயி லைனப் பாருங்க" என்று என்னை அனுப்பிவைத்திருந்தாய்.

அன்று சுவரோரம் அடித்த அம்மோனியா வாடை இப்போதும் என் கையில் இருக்கிறது. அதே ஐஸ் பிளான்ட் சுவரில் கடலைப் பார்த்து மாட்டியிருக்கும் கேமராவை இன்று கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சோப்புப் போட்டும் போகவில்லை. மீன், உப்பு, அம்மோனியா. முகர்ந்தால் ஏணியும் வருகிறது, நீயும் வருகிறாய்.

மீமிசல் வீட்டு முன்னறையில், ஊருக்கு நெட் கொடுக்கும் நம் மெஷின்கள் எல்லாம் அப்படியேதான் ஓடுகின்றன. பச்சை விளக்குகள் மினுக்குகின்றன. கரண்டு போய் பேட்டரி பிடிப்பதற்குள் ஒரு நொடி அறை முழுக்க நிசப்தமாகும் இல்லையா, அந்த நொடியில் நீ "அலோ, நெட் ஆபீஸ்" என்று ஆரம்பிக்கப்போவதுபோல் இருக்கும். பிறகு மின்விசிறி சுற்றத் தொடங்கிவிடும்.

கம்ப்ளெயின்ட் ஃபோன் உன்னிடம் இருந்த காலத்தில் இந்த அறையில் எவ்வளவு சிரிப்பு! ஆயுத பூசைக்கு மறுநாள் ஒருவர் நெட் வரவில்லை என்று கூப்பிட்டார். "அண்ணே, பொட்டி மேல என்ன பூசிருக்கீங்க?" என்று நீதான் கேட்டாய். சந்தனம். காற்றுத் துளை ஒன்றுவிடாமல் அப்பியிருக்கிறார். "சாமிக்குக்கூட மூக்க விட்டுட்டுத்தானண்ணே சந்தனம் பூசுவீங்க?" என்றாய். மறுமுனையில் அவர் வீட்டுக்காரம்மா சிரித்தது எனக்கே கேட்டது.

இன்று காலை, நமக்கு லைன் கொடுக்கும் பெரிய கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. உங்கள் பக்கமிருந்து ஒரு கருவி ஊரையெல்லாம் தாக்குகிறது, சாயங்காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் மொத்த லைனையும் நிறுத்துவோம் என்று. பார்த்தால் ஐஸ் பிளான்ட் கேமரா. யாரோ எங்கிருந்தோ உள்ளே புகுந்து, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, அதைக்கொண்டு முன்பின் தெரியாத தேசத்துக் கம்ப்யூட்டர்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். கேமராவுக்கு அது எதுவும் தெரியாது. அது பாட்டுக்குக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போன மழைக்காலத்திலும் இதே கேமராதான் இதே வேலையைச் செய்தது, நினைவிருக்கிறதா? நான் யோசிக்காமல் அதன் லைனைத் துண்டித்தேன். அரைமணி நேரத்தில் உன் ஃபோன் அலறத் தொடங்கியது. அத்தனையும் நமக்குச் சந்தாவே கட்டாத பெண்கள்.

"ஏம்மா, கடலு தெரியலையே!"

"எந்தக் கடலுக்கா?"

"நம்ம கடலுதேன். ஃபோன்ல தெரியுமே, அது."

கேமரா மாட்டியவன் கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாமலே போயிருக்கிறான். ஒன்றிலிருந்து ஆறு வரை. அது வாய்வழியாகப் படகுக்காரர் வீடெல்லாம் பரவி, எந்தப் போட்டு கரைக்கு வந்தது, எது இன்னும் வரவில்லை என்று அடுப்படியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லை தாண்டியதாக நேவிக்காரர்கள் படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பேச்சு கிளம்பும் நாட்களில் ஊரே அந்தச் சின்னத் திரையில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறது.

"திறந்த வீடு மாதிரி கெடக்கு. மூடித்தான் ஆகணும்," என்றேன்.

"மூடுங்க. ஆனா அவுக பாக்குறதுக்கு ஒரு சன்னல் வச்சுட்டு மூடுங்க," என்றாய்.

கேமராவைத் தனிப்பாதையில் ஒதுக்கி, பார்க்க மட்டும் முடிகிற ஒரு பக்கத்தை நான் செய்தேன். நீ ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தாய்.

ஒரு வாரம்தான். படம் நின்றுபோனது என்று பூமயில் அக்கா, ஐஸ் உடைக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர், மீன் பெட்டிமேல் ஏறி, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, கேமராவின் ரீசெட் ஓட்டைக்குள் விட்டு அழுத்திவிட்டார். படம் வந்துவிட்டது, பழைய பாஸ்வேர்டும் வந்துவிட்டது. "மக்கர் பண்ணுச்சு, ஒரு குத்து விட்டேன்," என்றார் பெருமையாக. எனக்குக் கோபம். நீ உன் நெற்றியிலிருந்த அரக்குப் பொட்டை எடுத்து அந்த ஓட்டைமேல் ஒட்டினாய்.

"அக்கா, இனிமே இது நெத்தி. நெத்தியில யாராச்சும் ஊக்க வச்சுக் குத்துவாகளா?"

"அய்யய்யோ, ஆத்தாடி!" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் பாஸ்வேர்டை மறுபடி மாற்றினேன். அதன்பிறகு நம் வாடிக்கையாளர் வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டன. ஒருவரும் தொடவில்லை. போட்டுகள் கரையில் நிற்கும் நாளாகப் பார்த்து நீ கேமராவுக்கு அப்டேட் போடச் சொல்வாய். நீ போனபின் அதைச் சொல்ல ஆளில்லை, அப்டேட்டும் நின்றுபோனது. நாள் கிழமை எதுவும் எனக்குத் தனித்தனியாகத் தெரியவில்லை.

இன்று போட்டுகள் கடலில். கேமராவைக் கழற்றும்போது பூமயில் அக்காதான் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "பொட்டு அப்புடியே இருக்கு பாருங்க தம்பி. ஒருத்தரையும் தொட விடல," என்றார். பிறகு மெல்ல, "மகன் போயிருக்கான். பொழுது சாயுறதுக்குள்ள மாட்டிருவீங்கல்ல?"

மாட்டுவதற்கு ஒரே வழிதான். பாஸ்வேர்டு நம் கையில் இல்லை. பொட்டை எடுத்து, அந்த ஓட்டையில் அழுத்தவேண்டும்.

கேமராவை மேஜையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் சுவரில் நகர்ந்து போனது. உன் நெற்றியில் இருந்தது, உன் விரல் ஒட்டியது. சரிசெய்தாயிற்றா என்று கம்பெனியிலிருந்து இரண்டாவது மெயில் வந்தது. எங்கோ யாரோ நம் கேமராவால் அடிபட்டிருக்கிறார், அங்கிட்டு ஒரு தாய் கரையைப் பார்க்கமுடியாமல் இருக்கிறார், நான் ஒரு பொட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ இருந்திருந்தால், "ஏங்க, எடுத்துட்டு வேலையப் பாருங்க," என்றிருப்பாய். நகத்தால் மெல்லக் கிளப்பினேன். சத்தமே இல்லாமல் வந்துவிட்டது.

அழுத்தினேன். விளக்கு அணைந்து, சிவந்து, பச்சையானது. அப்டேட் போட்டேன். நீளமான பாஸ்வேர்டு வைத்தேன். பழைய பொட்டில் பசை போய்விட்டிருந்தது. பாத்ரூம் கண்ணாடி ஓரத்தில், குளிக்கும்போது நீ எடுத்து ஒட்டிவைத்தவை வரிசையாக இருக்கின்றன அல்லவா, இதுவரை அவற்றை நான் தொட்டதில்லை. அதிலிருந்து ஒன்றை எடுத்து ஓட்டைமேல் வைத்து அழுத்தினேன். பிடித்துக்கொண்டது.

பொழுது சாய்வதற்குள் கேமராவை மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பூமயில் அக்கா கூப்பிட்டார். "தெரியுது தம்பி. கடலு தெரியுது."

பழைய பொட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஃபோன் உறைக்குள், ஃபோனின் முதுகில் வைத்திருக்கிறேன். பசையில்லாவிட்டாலும் அங்கே நகராது.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். அந்த நாலு நாற்பதுக்குப் பிறகு இந்த ஃபோனை நான் அணைத்ததே இல்லை. சார்ஜ் குறையவும் விட்டதில்லை. உன் அண்ணன் மறுபடி கூப்பிட்டு, "மாப்ள, தப்பாச் சொல்லிட்டேன்," என்பார் என்று வைத்துக்கொண்டிருந்தேன். இன்று கண்ணாடியில் ஒரு பொட்டு குறைந்திருந்த இடத்தைப் பார்த்தபோது, அவர் கூப்பிடமாட்டார் என்று தெரிந்தது.

லைன் நன்றாக ஓடுகிறது. ஃபோனை அணைத்துவிட்டேன்.