உன் துப்பறியும் பெண்ணைப் படித்தேன்

அன்புத் தோழிக்கு,

உன் நாவல் வந்து மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். கோபம்தான் காரணம். வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போதெல்லாம் கேஸ் அடுப்பையும் பூட்டையும் போனில் படம் எடுத்துக்கொள்கிறாளே உன் துப்பறியும் பெண், அவள் யார் என்று எனக்குத் தெரியாதா? நாம் ஒன்றாக அறை எடுத்துத் தங்கியபோது நான் அப்படிச் செய்ததை நீ மட்டும்தானடி பார்த்தாய்.

வாசகர்கள் எழுதியதை என் வீட்டுக்காரர் நேற்று போனில் பார்த்துச் சத்தமாகப் படித்தார். "அந்தப் படத்த வச்சே திருடனப் புடிச்சிட்டா. லூசுதான், ஆனா ஜாலியான லூசு" என்று ஒருவர். "இப்படி ஒரு பொம்பள இருந்தா வீடு தாங்குமா?" என்று இன்னொருவர்.

"நல்லவேள, நீ இப்டி இல்ல" என்றார் இவர். நானும் சிரித்தேன்.

பாப்பா பிறந்த பிறகு எனக்குப் படமும் போதவில்லை. செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தடுப்பூசி போடக் கிளம்பி, உப்பளம் வரை போன ஆட்டோவை இரண்டு முறை வீட்டுக்குத் திருப்பினேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. ஊசி போடும் நேரம் முடிந்துவிட்டது. இவரிடம் போட்டாச்சு என்று சொல்லிவிட்டேன்.

வரும் செவ்வாய் காலையில் வா. நீ எங்கள் சமையலறையில் உட்கார்ந்திரு, நான் பாப்பாவோடு போய்வருகிறேன். சாயங்காலம் வரை இருக்க முடியுமா? இவரிடம் எல்லாவற்றையும் நானே சொல்லப்போகிறேன். தனியாகச் சொல்லப் பயமாக இருக்கிறது.

உன் அறைத்தோழி